லண்டன் மருமகனின் பதில்

இன்று காலை அச்சுவேலியில் பஸ் ஏறியதும் பக்கத்து வீட்டு அக்கா தன் அருகில் இடம் பிடித்துத் தந்தார். முகம் சரியில்லை.

"ரீச்சர், நீங்கள் இங்கிலிஸ் படிப்பிக்கிறனீங்கள்தானே. ஒண்டு கேக்கோணும்."

அவருடைய மகள் லண்டனில் ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்திருக்கிறார். அக்கா போனில் எப்போது சுகம் கேட்டாலும் மருமகன், "சேம் ஓல்ட், சேம் ஓல்ட்" என்கிறாராம்.

"எல்லாம் அதே பழசுதான் எண்டுறார். என்ரை பிள்ளையோடை இருந்து அலுத்துப்போச்சோ தெரியேல்லை. எனக்கு நித்திரையே இல்லை."

வேலை, சாப்பாடு, நித்திரை என்று நாள் வழமைபோலப் போகிறது, அதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்றேன். அக்கா நம்பவில்லை.

"நீங்கள் என்னைத் தேத்தச் சொல்லுறியள்."

கோப்பாயில் ஏறிய தெரிந்த அம்மா ஒருவர், "எப்பிடிப் பிள்ளை, சுகமே?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஏதோ இருக்கிறம்," என்றார் அக்கா, பெருமூச்சோடு.

நான் மெதுவாகக் கேட்டேன். "ஏனக்கா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"உதென்ன கேள்வி? ஒரு பிரச்சினையுமில்லை. நல்லாயிருக்கிறம் எண்டு சொன்னால் கண்ணூறு நாவூறு பட்டிடுமெல்லே."

"அப்ப மருமகன் சொன்னால் மட்டும் பிரச்சினையோ?"

என்னையே பார்த்தார். பிறகு பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

இறங்கும்போது முகம் தெளிந்திருந்தது. "அந்தாள் எங்கடை ஆள்தான், ரீச்சர்."

சரி, நீங்கள் எல்லோரும் எப்படி? "நல்லாயிருக்கிறன்" என்று யாராவது எழுதினால், என்ன நடந்தது என்று உடனே போன் எடுப்பேன்.