அச்சங்குளத்துக்குப் போன அசெம்பிள்ட் பெட்டி

எங்கள் தொழிலில் கம்ப்யூட்டரை விற்ற அன்றைக்கு வியாபாரம் முடிவதில்லை, அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. அசெம்பிள்ட் பெட்டி வாங்கி, அதோடு மல்லுக்கட்டி, கடைக்காரனைச் சபித்த அன்பர்களே, அந்தச் சாபங்களை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். சாத்தூரில் கடை. பஸ் ஸ்டாண்டில் ‘கம்ப்யூட்டர் பாய்’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் என்னை அதிகம் அலைக்கழித்தது அச்சங்குளம் முத்துமாரி வீட்டுப் பெட்டி.

முத்துமாரியும் அவர் கணவர் கருப்பசாமியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர்கள். முத்துமாரி லீவு நாட்களில் சிவகாசிக்குப் போய் டிசைன் வேலை கற்றிருந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் ஒரு அச்சகம், பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு ஒரு டிசைன் செய்து காட்டச் சொல்லியிருந்தது. அது பிடித்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்தே வேலை. பிடிக்காவிட்டால் பழையபடி மருந்து ரூம்தான். அதற்காகவே இந்தக் கம்ப்யூட்டர்.

யு.பி.எஸ். அழுத கதை

முதல் வாரமே கரண்ட் போனது. போகும் என்று தெரிந்துதானே யு.பி.எஸ். கொடுத்தோம்? ஆனால் கரண்ட் போனால் அது ‘கீ, கீ’ என்று கத்தும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நீங்களும் நானும் என்றால் சேவ் பண்ணிவிட்டு அணைத்திருப்போம். பட்டாசே பிழைப்பான அந்த ஊரில், சத்தம் போடும் எதையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. வீட்டில் இருந்தவர்கள் வெளியே ஓட, அவர்களைப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் ஓட, கொஞ்ச நேரத்தில் தெருவே பிள்ளையார் கோயில் முன்னால் கூடிவிட்டது.

ஒரு ரூபாய் போனிலிருந்து கருப்பசாமி கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. “பாய், பொட்டி கத்துது. வெடிக்குமா, வெடிக்காதா, அத மட்டும் சொல்லுங்க. பொம்பளைக எல்லாம் சோத்த அடுப்புல வச்சிட்டு வந்திருக்காக!”

நனைந்த சாக்கு

அடுத்து சித்திரை வெயில். பெட்டி தானாக அணைந்து போகிறது என்று தகவல். சூடாகியிருக்கும், காற்றுப் படும்படி வையுங்கள் என்று சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்தால், கேபினெட்டைச் சுற்றி ஈரச்சாக்கு. தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வாயையே திறந்தேன்.

வெயில் ஏறினால், மருந்து பற்றிக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியில் தரையை நனைத்து வைப்பார்களாம். அதே பக்குவத்தைக் கருப்பசாமி கம்ப்யூட்டருக்கும் பார்த்திருக்கிறார். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள், பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள், தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பாடம் நடத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “சூடானாக் காத்து வேணும்ங்கீக. எங்களுக்குச் சூடானாத் தண்ணிதான பாய் தெரியும்!”

வெள்ளிப் பூச்சு

லேபிளைக் கொடுக்க வேண்டிய நாள். காலையில் முத்துமாரியே போன் செய்தார். பெட்டி ஆனாகவில்லை. சாயந்தரத்துக்குள் அச்சகத்தில் டிசைனைக் காட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கடையைச் சாத்திவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்தேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் மதர்போர்டு பளபளவென்று மின்னுகிறது. பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியத் தூள்! வேலை முடிந்து வந்த துணியோடு இருவரும் பெட்டி முன்னால் உட்கார, உடம்பில் ஒட்டியிருந்த தூளையெல்லாம் அது உறிஞ்சியிருக்கிறது. தூசி ஊதும் ப்ளோயரைக் கையில் எடுத்தவன், சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்துப் பதறிப்போய் கீழே வைத்தேன். அந்தத் தூளைப் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் சொல்லவா வேண்டும்? பெட்டியை வேப்பமரத்தடிக்குத் தூக்கிப்போய், பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுத்தேன். ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். (உங்கள் வீட்டுப் பெட்டி ஆனாகாவிட்டால், கடைக்காரனைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.) சுவிட்சைப் போட்டேன். ஆனானது. டிசைன் பத்திரமாக இருந்தது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு முத்துமாரி சிவகாசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கருப்பசாமி கொல்லையில் குளிக்காமல், துணி மாற்றாமல் பெட்டி இருக்கும் அறைக்குள் நுழையக் கூடாது. என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: “கம்பெனியில கூட எங்கள இம்புட்டு சோதிச்சு உள்ள விட்டதில்ல பாய்.”

கீ-போர்டு வாங்க வந்தவர்

பத்து மாதம் கழித்து முத்துமாரி கடைக்கு வந்தார். பழைய கீ-போர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டதாம். அச்சகத்திலிருந்து லேபிள் வேலை விடாமல் வந்துகொண்டிருந்தது. கம்பெனி வேலையிலிருந்து நின்றுவிட்டார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் வியாபாரி புத்தி. “வெயில் வருதும்மா, இன்னொரு ஃபேன் போட்டுத் தரவா? இல்லாட்டி திரும்பச் சூடாகும்” என்றேன். விரல்களைக் கீ-போர்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆகட்டும் பாய். இது சூடானா ஆஃப் பண்ணிக்கிடலாம். அங்கன சூடானா ஓடத்தான முடியும்?”

ஆகவே அன்பர்களே, கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர், ரேம் என்று ஆயிரம் கேளுங்கள், ஆனால் நீங்கள் யார், எங்கிருந்து எழுந்து வந்து அதன் முன்னால் உட்காரப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால், என்னைப் போன்றவர்களுக்குப் பாதிப் பெட்ரோல் மிச்சம்.