மான் கலைத்த சனிக்கிழமைகள்

வேட்டைக்காரனுக்குத் துப்பாக்கி கொடுப்பார்கள், மான் கலைக்கிறவனுக்கு ஒரு தடிதான் கொடுப்பார்கள். குளிர்நாட்டில் கைகால் விறைக்க விறைக்க வேலை பார்த்த சகபாடிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் வாரநாளில் நான் துணி ஆலைத் தொழிலாளி. குளிர்காலச் சனிக்கிழமைகளில் அக்ஸல் என்ற கமக்காரரின் வேட்டைக்குழுவுக்கு மான் கலைப்பவன். வேட்டைக்காரர்கள் காட்டின் ஒரு கரையில் ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். நாங்கள் மறுகரையிலிருந்து மரங்களைத் தட்டிக் கத்திக்கொண்டு வரிசையாக வருவோம். இடையில் இருக்கும் மான் அவர்கள் பக்கம் ஓடும்.

சனிக்கிழமை அறையில் இருந்தால் மனைவி றெஜினாவின் நினைவு என்னைத் தின்றுவிடும். அதனால்தான் இந்த வேலைக்குப் போனேன். அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள், அவளை இங்கே கூப்பிட நான் போட்ட விசா மனு மேலிடத்தில் இருந்தது. தமிழர்களின் மனுக்கள் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. எப்போது கேட்டாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே கடிதம் வரும்.

மண்ணிறக் கோட்டு

முதல் நாள் மைனஸ் பதினெட்டு. பழைய உடுப்புக் கடையில் வாங்கிய தடித்த மண்ணிறக் கோட்டு, அதே நிறத்தில் தொப்பி, இரண்டையும் போட்டுக்கொண்டு பெருமையோடு போய் இறங்கினேன். அக்ஸல் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குள் போய், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் சிவப்புத் துணியை எடுத்துவந்து என் மார்பைச் சுற்றிக் கட்டினார். என்னோடு வேலைக்கு வந்த அறைத்தோழன் பிரான்சிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏன் இந்தக் கோலம் என்று அக்ஸலிடம் கேட்டேன்.

“மான் நாலு காலில் வரும், நீ இரண்டு காலில் வருவாய். இந்தப் பனிமூட்டத்தில் என் மைத்துனனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.”

என்ன சொல்லிக் கத்துவது

டென்மார்க்காரர்கள் ‘ஹெப், ஹெப்’ என்று கத்துவார்கள். எனக்கு அது இரண்டு தரத்துக்கு மேல் வரவில்லை, வெட்கமாக இருந்தது. “தெரிந்த சத்தத்தைப் போடு” என்றார் அக்ஸல். நான் ஊரில் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். வாய் தன்பாட்டில் “கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி” என்று ஆரம்பித்துவிட்டது.

நாலைந்து கலைப்பில் காட்டின் நீளம் பிடிபட்டது. நடுக்காட்டில் கைதடி, முள்வேலி தாண்டினால் நாவற்குழி, மரங்கள் முடியும் இடத்தில் யாழ்ப்பாணம். பனிமூட்டத்தில் ஆள் தெரியாவிட்டாலும் நான் எங்கே வருகிறேன் என்று எல்லோருக்கும் விளங்கியது. அடுத்த சனி காலை, அக்ஸல் வழக்கம்போல வேட்டைக்காரர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொன்னார். கடைசி விதி புதியது.

“இவன் யாழ்ப்பாணம் என்றதும் எல்லோரும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும்.”

அனுப்பிய படம்

பெரிய கொம்பன் ஒன்று விழுந்த நாள், அக்ஸல் தன் துப்பாக்கியை என் கையில் தந்து, மானுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். றெஜினா பார்த்து அசந்துபோகட்டும் என்று தபாலில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பிரான்சிஸ் கேட்டான். “மச்சான், ஆமிக்காரன் வீட்டைச் சோதிக்கேக்க அந்தப் படம் அம்பிட்டால் அவ என்னடா சொல்லுவா?”

ஒன்றரை மாதம் ஒழுங்கான நித்திரை இல்லை. பிறகு பதில் வந்தது. துப்பாக்கியைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டுவிட்டாளாம். அதோடு என் வலது கையும் போய்விட்டதாம்.

“அடுத்த முறை படம் எடுக்கேக்க கையில ஒரு பூங்கொத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

பல் வைத்தியரின் விரல்

உண்மையில் குளிர் எங்களுக்கல்ல, நிற்கிறவர்களுக்குத்தான். நாங்கள் நடப்பதால் உடம்பு சூடாக இருக்கும். குழுவில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். ஒருநாள் ஒரு மணித்தியாலம் சிலையாக நின்றார். மான் பத்தடியில் வந்து நின்றபோது, விறைத்த விரல் விசையில் மடங்கவில்லை. மான் அவரை வடிவாகப் பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது. கலைப்பு முடிந்ததும் நான் அவர் வாயில் கோப்பியைப் பருக்கினேன். ஏதாவது தேறுதல் சொல்ல வேண்டும் என்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“நல்ல பிராணி. என்னை அவசரப்படுத்தவில்லை.”

பாதியில் ஊதிய கொம்பு

மூன்றாவது குளிர்காலம். கலைப்பின் நடுவில் பின்னாலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். காய்ச்சல் என்று அறையில் படுத்திருந்த பிரான்சிஸ், கையில் ஒரு கடிதத்தோடு மூச்சிரைக்க வந்தான். “உன்ர கடிதத்தை உடைச்சுப்போட்டன், குறை நினையாதை. றெஜினாவுக்கு விசா குடுத்திட்டாங்கள்.”

அப்படியே பனியில் குந்தியிருந்து அழுதேன். வெட்கப்படவில்லை. என் சத்தம் நின்றதும் வரிசை நின்றது. எங்களோடு நடந்துவந்த அக்ஸல் கோபத்தோடு வந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு தோளில் தொங்கிய கொம்பை எடுத்து, கலைப்பு முடிந்தது என்று ஊதினார். அவர் பாதியில் ஊதி யாரும் கேட்டதில்லை. யாருக்கோ சூடு பட்டுவிட்டது என்று பயந்து வேட்டைக்காரர்கள் ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினார்கள். கடைசியாக வந்தவர் பல் வைத்தியர்.

“என் முன்னால் ஒரு கொம்பன் நின்றான், இன்று விரலும் மடங்க இருந்தது, அதற்குள் கொம்பு ஊதிவிட்டது. பரவாயில்லை, அவனுக்கும் ஒரு மனைவி இருப்பாள்.”

வரிசையில் றெஜினா

வந்து மூன்றாம் கிழமையே தானும் மான் கலைக்க வருவேன் என்று றெஜினா ஒற்றைக்காலில் நின்றாள். நாலு சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். எனக்கு இடப்பக்கம், இருபதடி தள்ளி அவளை நிறுத்தினார்கள். பக்கத்தில் வருகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தால் வரிசை பிசகாது என்று அக்ஸல் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். புருஷனின் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? காடு அதிர “இஞ்சாருங்கோ” என்றாள்.

மூன்று வருடமாகக் கேட்காத சொல். “ஓம், என்ன?” என்று அவள் பக்கம் நாலு அடி போனேன். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். காடு முடிந்தபோது இருவரும் ஒரே மரத்தடியில் நின்றோம். நான் விட்ட இடைவெளியால் மான்கள் எல்லாம் பின்பக்கமாகப் போய்விட்டிருந்தன. அக்ஸல் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மூன்று குளிர்காலம் நேராக நடந்தவன் நீ. ஒரே சொல்லில் உன்னை வளைத்துவிட்டாள்.”

மான் கலைக்கப் போனவன் கடைசியில் தானே கலைபட்டு, பிடிபட்டு, வீடு வந்து சேர்ந்ததுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.