கதிரைகளுக்கு நடுவே

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையை அரை நாளோடு விட்டுவிட்டு, மகளின் பாலர் பாடசாலைக்குச் சண்டை பிடிக்கப் போனேன். அவளை அங்கிருந்து எடுத்துவிடுவது என்பதுதான் என் முடிவு.

டீச்சர் கட்டையானவர். பிள்ளைகளோடு தானும் தவழ்வதால், சேலையின் முழங்கால் பக்கத்தில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். காலையில் பிள்ளைகள் உட்காரும் கதிரைகளைப் பரப்பி, அவற்றுக்கிடையே பழைய படகுக் கயிறொன்றை வளைத்து வளைத்துப் போடுவார். அந்தக் கயிற்று வழியே பிள்ளைகள் தவழ வேண்டும்.

“எழுத்துப் படிக்க அனுப்பினனான் டீச்சர். நீங்கள் தவழ விடுறீங்கள். அவள் ஒரு வயசிலேயே தவழ்ந்து முடிச்சிட்டாள்.”

“மேல, கீழ, இடம், வலம் உடம்புக்குத் தெரிஞ்சாத்தான் எழுத்து எந்தப் பக்கம் வளையுதெண்டு கண்ணுக்குத் தெரியும். நீங்கள் ஒருக்கா அந்தக் கயிற்று வழியாத் தவழ்ந்து பாருங்கோ.”

மேற்குக் கரைத் தலைமன்னார் வரை தனியாக அலைந்தவனுக்குக் கதிரையா பெரிது என்று குனிந்தேன். “அப்பா, இடக்கைப் பக்கம்!” என்று மகள் கத்தினாள். நான் வலப்பக்கம் திரும்பி, இரண்டு கதிரைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. கதிரையை விலக்கிவிட்டு மெதுவாகக் கேட்டார். “வாசிக்கேக்க வரி மாறிப் போறதோ உங்களுக்கு?”

“ஓம். அதாலதான் மூண்டாம் வகுப்போட நிண்டனான்.” அதற்காக வாங்கிய அடிகளைப் பற்றி நான் சொல்லவில்லை.

மகளை அங்கிருந்து எடுக்கவில்லை. மறுநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது, கதிரைகளின் இடைவெளி என் தோள் அகலத்துக்கு விரிந்திருந்தது. எனக்காகவா என்று இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பத்து நிமிடம் முந்தியே போய்விடுகிறேன்; திரும்பும்போது என் முழங்காலிலும் மண் ஒட்டியிருக்கும்.