இடுப்பு நாணுக்கு எத்தனை வரிசைத் தையல்?

எலும்பு டாக்டர் தொழிலில் எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். தூக்கத்தைக் கெடுப்பது அதோடு சேர்த்துத் தைத்த சதைதான். என்னைப் போலத் தைத்துவிட்டு, "தாங்குமா?" என்று சாப்பிடும்போதும் யோசிப்பவர்களுக்கு இது புரியும்.

கறிக்கடையில்

இடுப்புத் தசையை எலும்போடு பிணைக்கும் நாண் பிய்ந்துபோனால், அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சாயும். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அதை ஒரு வரிசைத் தையலில் எலும்போடு சேர்த்தேன். இரண்டாம் மாதம் பிய்த்துக்கொண்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த வேலையையும் நானே செய்துகொண்டேன்.

இரண்டு வரிசை போட்டிருந்தால் நின்றிருக்குமோ? சோதித்துப் பார்க்க ஆரணிக் கடைத்தெருவில் ஒரு கறிக்கடைக்குப் போனேன். ஆட்டுத் தொடையெலும்பு பத்து வேண்டும், தசை ஒட்டியபடியே வேண்டும், நானே அறுத்துத் தைத்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். கடைக்கார பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நாங்க அறுக்கிறத எல்லாம் நீங்க திரும்பத் தெச்சிகினு இருந்தா, எங்க பொழப்பு இன்னா சார் ஆவுறது?"

ஒரே இழுப்பு

கிளினிக்கின் பின்புறம் எலும்பை இடுக்கியில் பிடித்து, தசையில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, பிய்கிற வரை தண்ணீர் ஊற்றினேன். ஒரு வரிசையும் இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீரைத் தாங்கின. ஒருமுறைகூட நூல் அறுந்ததில்லை. அது நாணைக் கிழித்துக்கொண்டு வந்தது. சுலபமான ஒரு வரிசையே போதும் என்று முடிவு கட்டினேன். நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்தாலே எனக்குச் சந்தேகமும் வந்துவிடும்.

மறுநாள் லோகநாயகி வந்தார். குழித்தறியில் பட்டு நெய்கிறவர். இடது இடுப்பில் அதே நாண் பிய்ந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் மறுபடி தறி மிதிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். தைரியம் சொல்வதாக நினைத்து வாளிக் கதையைச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரே இழுப்புல எந்த நூலு சார் அறும்? நாளெல்லாம் மிதிச்சிகினே இருந்தா, மொதல்ல தொய்யும், அப்பாலதான் அறும்."

ஒற்றைக் கால்

அந்த வாரம் முழுக்க, பாதி நிரம்பிய வாளியை நூற்றுக்கணக்கான முறை தூக்கித் தூக்கி விட்டேன். என் தோள்தான் முதலில் பிய்ந்துவிடும் போலிருந்தது. ஒரு வரிசை மெல்லத் தளர்ந்து, எலும்புக்கும் நாணுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழுந்தது. குறுக்கே கோத்த இரண்டு வரிசை அசையவில்லை. ஆட்டு எலும்பு மனித எலும்பு ஆகாது, தெரியும். ஆனாலும் லோகநாயகிக்கு இரண்டு வரிசைதான் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து, இடது காலில் மட்டும் நிற்கச் சொல்லி, இடுப்பையே பார்த்தபடி எண்ணினேன். முப்பது வரை சாயவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வலது காலில் நிற்கச் சொன்னேன். பதினைந்திலேயே மேசையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தெச்ச காலு கெட்டியா நிக்குது, சாமி குடுத்த காலு ஆடுது. பேஜாரா கீதே! சரி, நாளைக்குத் தறியில எறங்கட்டுமா, வேணாமா?"

இறங்குங்கள் என்றேன். முப்பது வருஷம் கத்தி பிடித்தும், என் தையலை நான் நம்புவதற்கு இன்னும் நோயாளிதான் ஒற்றைக் காலில் நின்று காட்ட வேண்டியிருக்கிறது.