பெயர் எழுதாத சீட்டு

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘ரைட்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவோம். ஆள் என்னவோ மீசை வைத்த, நிலைப்படியில் தலை இடிக்கிற உயரமுள்ள ஆண்பிள்ளை. யாருக்காவது தலை வலித்தால் அவர் மேசை இழுப்பறையில் மாத்திரை இருக்கும். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசி நூல் இருக்கும். மத்தியானம் சாப்பிடாமல் வேலை பார்த்தால் பின்னால் வந்து நின்று முறைப்பார். இதையே ஒரு பெண் செய்திருந்தால் யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அவள் செய்யாவிட்டால்தான் பேச்சு. ஆண் செய்ததால் கிண்டலுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அவரும் “என்ன கண்ணு?” என்று சிரித்துக்கொண்டேதான் திரும்புவார்.

தொலைக்காட்சித் தொடருக்குக் கதை பண்ணுவது எங்கள் வேலை. அவர் வசனம். நான் காட்சிகளைக் கோக்கிறவள். போன காட்சியில் கையில் கட்டுப் போட்டிருந்தவனுக்கு இந்தக் காட்சியிலும் கட்டு இருக்கிறதா என்று கத்திக் கத்தியே எனக்கு வாய் நீண்டுவிட்டது என்பார்கள். நீளட்டும், யாருக்கென்ன? ஒரே கட்டடத்தில் கீழ் வீடு அவருடையது, மாடி என்னுடையது. அதனால் அவர் எழுதியதையும் பார்த்தேன், வாழ்ந்ததையும் பார்த்தேன்.

வீட்டில் அவரும் அண்ணன் மகளும் மட்டும்தான். அவளுக்குச் சில்வண்டு என்று நான்தான் பெயர் வைத்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், தூக்கத்தில்கூட வாய் மூடாது. பெற்றவள் போய்ச் சேர்ந்தபோது அதற்குப் பல்கூட முளைக்கவில்லை. அப்பாவுக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. நிலத்தில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். குளிப்பாட்டி, ஊட்டி, காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு வளர்த்ததெல்லாம் சித்தப்பாதான். தினமும் காலையில் மாடிப்படியில் அவளை உட்கார வைத்து, ஒரு படி மேலே தான் உட்கார்ந்து தலை வாரிவிடுவார். நான் இறங்கி வந்தால் வழி இருக்காது. “மகாராணி கொஞ்சம் நகர்ந்தா நாங்க வேலைக்குப் போவோம்” என்பேன். “சடை முடியட்டும் அத்தை” என்று அதிகாரமாகப் பதில் வரும்.

அண்ணனுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அரை மனசு. ஒவ்வொரு முறை கப்பலேறும்போதும் வாசலில் நின்று அதையே சொல்வார்: “பொம்பளப் புள்ளைய உன்னை நம்பி விட்டுட்டுப் போறேன். யாராவது ஒரு வார்த்தை தப்பா சொன்னாங்கன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே ஹாஸ்டல்தான்.” அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே ரைட்டரம்மா யாரிடமும் குரல் உயர்த்தாமல் காலம் தள்ளினார்.

எங்கள் கதை அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. தொடரில் வரும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சீட்டு. சீட்டில் அவர் என்ன வகை என்று ஒரே ஒரு சொல். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் பெண்ணாக இருந்தால், அவள் நர்ஸோ வாத்தியாரோ பக்கத்து வீட்டுக்காரியோ, ‘தாய்’. ஆணாக இருந்தால் கையில் கம்போடு வாசலில் நிற்க வேண்டும், அவன் ‘காவலன்’. இந்தப் பலகையில்தான் ரைட்டரம்மா தன் வீட்டையே கொண்டுவந்து ஒட்டினார். புதுத் தொடருக்குக் கதாபாத்திரப் பஞ்சம் வந்தபோது, தாயில்லாப் பிள்ளையை வளர்க்கிற ஒரு சித்தப்பாவைச் சொன்னார். சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு.

கதைத் தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “இவன் என்ன வகை? காவலனா?”

“இல்ல சார். யார்கூடவும் சண்டை போட மாட்டான்.”

“அப்போ தாயா? ஆம்பளைய எப்படிய்யா தாய்னு போடறது?”

“ஆம்பளைதான் சார். புள்ளைய வளக்கிறான். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு சீட்டுல எழுத முடியாது ரைட்டரம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சீட்டு மட்டும் வெறுமையாகவே தொங்கியது. மின்விசிறிக் காற்றில் மற்றச் சீட்டெல்லாம் சும்மா இருக்க, அது மட்டும் படபடக்கும். எனக்கு ஏனோ அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தொடர் ஓட ஓடப் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். தலைவர் ஒருநாள் பலகை முன்னால் வந்து நின்றார். “காரணம் இல்லாம ஒரு ஆம்பளை எதுக்குப் புள்ள வளக்கறான்? பாக்கறவனுக்கு அந்தக் கேள்வி வரணும்” என்று சொல்லி, சீட்டில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

கதையில் எதையுமே மாற்றவில்லை. அதுதான் கொடுமை. அதே சித்தப்பா, அதே குழந்தை, அதே சீப்பு. அவன் தலை வாரும்போது பின்னால் ஒரு இசை மட்டும் சேர்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஒரு வசனம் வேண்டும் என்றார்கள். ரைட்டரம்மாதான் எழுதினார்: “பெத்தவன்னா சரி. இவனுக்கு என்ன வந்துச்சு?”

“எழுத மாட்டேன்னு சொல்லித் தொலைங்களேன்” என்று நான் எரிந்து விழுந்தேன்.

“நான் எழுதலேன்னா வேற எவனாவது இன்னும் அசிங்கமா எழுதுவான். கடைசில நல்லவன்னு காட்டிடலாம்னு தலைவர் சொல்லியிருக்காரு.”

“கடைசின்னா எப்போ?”

அவர் அடுத்த வசனத்துக்குக் குனிந்துகொண்டார்.

வசனம் பிய்த்துக்கொண்டு போனது. பேருந்தில், கடையில், எங்கே பார்த்தாலும் “இவனுக்கு என்ன வந்துச்சு?” என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் கட்டடத்தில் அவருக்கு எதிர்வீடு ஒரு டெய்லரம்மா. பள்ளி விட்டதும் சில்வண்டு அங்கேதான் இருப்பாள். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் தொடர் பார்ப்பார்கள். டெய்லரம்மா கெட்டவள் இல்லை. எத்தனையோ நாள் அந்தக் குழந்தைக்குச் சோறு போட்டவள். ஆனால் ஒருநாள் காலை அவர் படியில் உட்கார்ந்து தலை வாருவதை, வாயில் ஊசியைக் கடித்தபடி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவர் வீட்டுக்குள் வைத்து வாரினார். “இத்தனை நாள் வெளியில வாரினவன் இப்போ ஏன் உள்ள போறான்?” என்று படியில் பேச்சு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாரினார். “நல்லவன்னு காட்டிக்கத்தான் திறந்து வெக்கிறான்” என்றார்கள். பள்ளி வாசலில் அத்தனை வருஷம் வணக்கம் போட்ட காவலாளி, “நீங்க புள்ளைக்கு என்ன வேணும்?” என்று கேட்டானாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“டெய்லரம்மாகிட்ட நான் போய் நாலு வார்த்தை கேக்கறேன்” என்றேன்.

“வேண்டாம். கேட்டா அதுவே பேச்சாயிடும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியும் கையுமாக அண்ணன் வந்து நின்றார். அவர் வர இன்னும் நாள் இருந்தது. பின்னாலேயே டெய்லரம்மா. நான் படியிறங்கி உள்ளே போய் நின்றுகொண்டேன், யாரும் கூப்பிடாமலே.

“நான்தான் போன் பண்ணேன்” என்றாள் டெய்லரம்மா. “தப்பா ஒண்ணும் பாக்கல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மனசு கேக்கல. பெத்தவன்னா சரி. இவருக்கு என்ன வந்துச்சு?”

தான் எழுதிய வசனத்தை அவர் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டார். கையில் சீப்பு இருந்தது. ஆத்திரம் தாங்காமல் நான் கத்தினேன். “அது அவர் எழுதினதும்மா! அவரே எழுதின வசனம்!”

“எழுதறவருக்குத் தெரியாமலா எழுதியிருப்பாரு?” என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல்.

அண்ணன், தன் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “நீ சொல்லும்மா. சித்தப்பா உன்கிட்ட நல்லா நடந்துக்கறாரா?”

“ம். சித்தப்பா நல்லவரு.”

எனக்கு உயிர் வந்தது. சில்வண்டு சித்தப்பாவையும் பார்த்தாள், சீப்பையும் பார்த்தாள். பிறகு அப்பாவின் தோளை ஒட்டி நகர்ந்தாள்.

“ஆனா அவரு தலை வாரும்போது எனக்கு அந்த மியூசிக் கேக்குதுப்பா. பயமா இருக்கு.”

ரைட்டரம்மாதான் முதலில் அசைந்தார். உள்ளே போய் அவள் பையை எடுத்து, துணிகளை மடித்து வைத்தார். எந்தச் சட்டை கழுத்தில் அரிக்கும், எந்தச் செருப்பு கடிக்கும் என்று அண்ணனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் சீப்பையும் பைக்குள் வைத்தார்.

“ஹாஸ்டல்ல யாரு தலை வாரிவிடுவாங்க?” என்று கேட்டார். கேட்டது அது ஒன்றுதான்.

“அங்க வார்டனம்மா இருக்காங்க” என்றார் அண்ணன். “பெத்த தாய் மாதிரி பாத்துப்பாங்களாம்.”

அந்த வார்டனை அண்ணனே பார்த்ததில்லை. எங்களில் யாருமே பார்த்ததில்லை. ஆனாலும் டெய்லரம்மா நெஞ்சில் கை வைத்து, “அப்பாடா, இப்பத்தான் நிம்மதி” என்றாள்.