மிளகாய் போடுற பொண்ணு மேல எனக்குப் பொறாமை

இன்னிக்கு மகள் படிக்கிற ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு வேலை வழிகாட்டி நாள். பேச வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. பாசிர் கூடாங் ஃபேக்டரியில பதினெட்டு வருஷமா இன்ஜினியர். ஒரு வாரமா ஸ்லைடு தயார் பண்ணியிருந்தேன்.

பக்கத்து மேசையில கவிதான்னு ஒரு பொண்ணு. வயசு இருபத்தஞ்சு இருக்கும். சிம்பாங் ரெங்கத்துல மிளகாய்த் தோட்டம் போட்டிருக்காளாம். இளைஞர்கள் விவசாயத்துக்கு வரணும்னு பேச வந்திருந்தா. ஸ்லைடு எல்லாம் இல்ல, ரெண்டு மிளகாய்ச் செடி மட்டும்.

அவ முன்னால நீளமா வரிசை.

"அக்கா, பாம்பு வருமா?"

"வரும்லா. அது வழியில அது போகும், என் வழியில நான் போவேன்."

"மழையில செடி போச்சுன்னா?"

"போன தடவை எல்லாமே அழுகிப் போச்சு. ரெண்டு நாள் அழுதேன். மூணாவது நாள் திரும்ப நட்டேன்."

சொல்லிட்டுச் சிரிக்கிறா!

என்கிட்ட ஒரே ஒரு மாணவி வந்தா. "ஆன்ட்டி, இந்த நாற்காலியை அங்க எடுத்துட்டுப் போகலாமா?"

அந்த வரிசையில மூணாவதா நின்னது என் மகள்.

கார்ல கேட்டேன், "அந்த அக்காகிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"அவங்க வேலையைப் பத்திச் சிரிச்சுப் பேசுறாங்கம்மா. நீங்க அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல."

"சரி, அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்த்துட்டு வருவோமா?"ன்னு கேட்டேன்.

சனிக்கிழமை ரெண்டு பேரும் அந்தத் தோட்டத்துக்குப் போறோம். மகள் செடி பார்க்க வர்றா. நான் அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது குறை கிடைக்குமான்னு பார்க்கப் போறேன்.

உங்க பிள்ளைங்க யாரைப் பார்த்து இப்படி மயங்கினாங்க? சொல்லுங்க, எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.