ஆலிசன் அறையில் வைத்த பீப்பாய்

வில்ஃப் சட்கிளிஃப் வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கியது மகள் இறந்த பிறகுதான். ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில் அவர் மெக்கானிக். வேலை முடிந்ததும் தெருமுனை பப்பில் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வருவார். பதினேழு வயது ஆலிசனை மூளைக்காய்ச்சல் கொண்டுபோன பின்பு, அவர் தலை தெரிந்தாலே அங்கே பேச்சு அடங்கிவிடும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருக்கும் கோப்பைக்குள் பார்ப்பார்கள். அது பொறுக்காமல் போவதையே விட்டுவிட்டார்.

மால்ட் பாகு, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, நொதிக்க ஈஸ்ட் எல்லாம் கடையில் ஒரே பொட்டலமாகக் கிடைத்தன. சமையலறை மூலையில் பீப்பாயை வைத்தார். பீர் நன்றாகவே புளித்தது, ருசியிலும் குறையில்லை. தெளிவதுதான் நடக்கவில்லை. எத்தனை நாள் விட்டாலும் கழுவிய பெயின்ட் பிரஷ் தண்ணீர் மாதிரியே இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிக்கிறதா, கரண்டியால அள்ளித் திங்கிறதா வில்ஃப்?" என்றார். ஸ்டானும் வீட்டில் காய்ச்சுகிறவர்தான். அடுப்புச் சூட்டில் ஈஸ்ட் அடியில் படியாது, படிந்த மண்டியும் ஆள் நடமாட்டத்தில் கிளம்பிவிடும் என்று விளக்கினார். "கொஞ்சம் ஜெலட்டினைக் கரைச்சு ஊத்து. குளிர்ச்சியா ஒரு இடத்துல வெச்சுட்டு அந்தப் பக்கமே போகாத. மண்டியெல்லாம் தன்னால கீழ உக்காந்துரும்."

பின்கட்டுத் தகரக் கொட்டகை வெயிலில் கொதித்தது. வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான்: மாடியில் வடக்குப் பார்த்த ஆலிசனின் அறை. ஹீட்டரை அணைத்து, கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அங்கே வைக்கலாமா என்று வில்ஃப் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மனைவி மவ்ரீன் தட்டு கழுவிக்கொண்டே, சமையலறையே போதும் என்றாள்.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள மவ்ரீன் லீட்ஸ் போனாள். வில்ஃப் புதிதாய்க் காய்ச்சியதில் ஜெலட்டினைக் கரைத்து ஊற்றி, பீப்பாயை மாடிக்குத் தூக்கினார். நாற்காலிமேல் இறக்கினார். வேறு எதையும் தொடவில்லை. கட்டிலோரம் ஆலிசன் கழற்றிப் போட்ட பச்சை ஸ்வெட்டர் தரையில் கிடந்தது. அதை மிதிக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். ஸ்டான் சொன்னபடி அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. மவ்ரீன் வருவதற்குள் இறக்கிவிடலாம் என்றிருந்தார்.

அவள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அவர் டிப்போவிலிருந்து திரும்பியபோது அவளுடைய பெட்டி படிக்கட்டடியில் நின்றது. மாடியெல்லாம் பீர் வாடை. பீப்பாயின் குழாய் நாளெல்லாம் சொட்டிச் சொட்டிக் கம்பளம் ஊறிப்போயிருந்தது. மவ்ரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ஸ்வெட்டர், நனைந்து கனத்து.

வில்ஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ டிப்போவுக்குப் போனப்புறம் தினம் இங்க வருவேன்" என்றாள். "இதை எடுத்து மோந்து பாத்துட்டு, கெடந்த மாதிரியே போட்டுட்டுப் போவேன். அவ வாசனை இதுல மட்டுந்தான் இருந்துச்சு, வில்ஃப்."

குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் அந்த அறைக்கு வருவதே அவருக்குத் தெரியாது. அவர் வருவதை நிறுத்தியிருந்தார்; அவளும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

பீப்பாயைக் கொல்லைக்குத் தூக்கிவந்து சாக்கடையில் திறந்துவிட்டார். கண்ணாடி போலத் தெளிந்து ஓடியது. கடைசியில் அடியிலிருந்த மண்டி வந்து விழுந்தது.

அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று மறுநாள் மவ்ரீனே ஸ்வெட்டரைக் கையால் துவைத்தாள். கொடியில் போட்டுவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே நின்றாள். வில்ஃப் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்தார். அவள் உட்காரவில்லை.

"தெளிஞ்சுதா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"தெளிஞ்சுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் காய்ச்சவில்லை. பீப்பாயை ஸ்டான் வாங்கிக்கொண்டார். மவ்ரீன் மகளின் கட்டிலிலேயே படுக்கத் தொடங்கினாள். வில்ஃப் கூப்பிடவில்லை. பனி விழத் தொடங்கிய ஒரு நாள் அவளாகவே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.